பலகையில் சிரிக்கிற லைல்

தினமும் காலை ஐந்தே முக்காலுக்கு லைல் ஹ்ருஸ்கா தன் முகத்தைத் தானே கடந்து வேலைக்குப் போக வேண்டியிருந்தது.

சீடர் ராப்பிட்ஸ் நகரத்துக்குத் தெற்கே நெடுஞ்சாலை வளைகிற இடத்தில், இருபதடி உயர விளம்பரப் பலகையில், வெள்ளைத் தலைக்கவசம் போட்டுக்கொண்டு அவன் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். கையில் சுருட்டிய வரைபடம். அது எந்தக் கட்டடத்தின் வரைபடம் என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. படம் எடுக்க வந்த பெண் தன் வண்டியிலிருந்து எடுத்துவந்து கையில் திணித்தாள். பின்னால் தெரிகிற கட்டடமும் யாரோ கட்டியது. பக்கத்தில் ஆளுயர எழுத்தில், 'இரண்டே வருடம். புது வாழ்க்கை.' கீழே சமுதாயக் கல்லூரியின் பெயர்.

"சிரிடா, சிரி. உனக்கென்ன," என்று லைல் வண்டிக்குள்ளிருந்து அவனைத் திட்டுவான். பலகையில் இருப்பவனுக்கு முழங்கால் கிடையாது, இடுப்போடு வெட்டியிருந்தார்கள். அதனால் அவன் சிரிப்பதில் ஆச்சரியமில்லை.

முழங்காலில்தான் எல்லாம் தொடங்கியது. லைல் பதினான்கு வருடம் சென்ட்ரிங் தச்சனாக இருந்தவன். கான்கிரீட் தளம் போடுவதற்கு முன்னால் பலகை அடித்து, கீழே இரும்பு முட்டுக் கொடுத்து, தளம் இறுகியபின் எல்லாவற்றையும் கழற்றி அடுத்த மாடிக்குத் தூக்கிப்போகிற வேலை. முப்பத்து மூன்று வயதில் மருத்துவர் அவன் கால் படத்தை விளக்கில் பிடித்துப் பார்த்து, "ஐம்பத்தஞ்சு இருக்குமா உங்களுக்கு?" என்று கேட்டார். அன்று சாயங்காலமே மனைவி ஜனெல் கல்லூரிக் கையேட்டை வாங்கிவந்து சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டாள். கட்டுமான மேலாண்மை, இரண்டு வருடம், மாலை வகுப்பு. அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்துவிட்டு வந்து, அவனுக்காகப் பாடக் குறிப்புகளைச் சின்ன அட்டைகளில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினாள். பால் எடுக்கப் போனால்கூட ஒப்பந்தச் சட்டத்தில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் எடுக்க முடியும். விளம்பரப் பலகை ஏறிய அன்று தன் அம்மாவைக் கூட்டிப்போய் வண்டியை ஓரங்கட்டிக் காட்டியவளும் அவள்தான்.

கம்பெனியின் மேற்பார்வையாளர் கார்டன் ஸ்டோல்ட்ஸ் அப்போது சொன்னார்: "ரெண்டு வருஷத்த முடிச்சுட்டு வா, லைல். உதவி மேற்பார்வையாளரா ஆறு மாசம் உக்காரு. அப்புறம் உனக்குன்னு ஒரு சைட் தரேன்."

முடித்துவிட்டுத்தான் வந்தான். தொழிலாளியின் பழுப்புத் தொப்பியைக் கழற்றி மேற்பார்வைக்காரர்களின் வெள்ளைத் தொப்பியைப் போட்டான். கம்பெனிச் சம்பளத்துக்குப் போகிறவன் யூனியனில் இருக்க முடியாது என்பதால் யூனியன் ஹாலுக்குப் போய் விலகல் அட்டை வாங்கிக்கொண்டான். ஒரு வருடத்துக்குள் அந்த அட்டையைத் திருப்பிக் கொடுத்தால் பழைய பதினான்கு வருடமும் அப்படியே திரும்பி வரும். ஒரு நாள் தாண்டினாலும் போச்சு, நேற்றுச் சேர்ந்தவனோடு வரிசையில் கடைசியில் நிற்க வேண்டும். அட்டையில் தேதி அச்சடித்திருந்தது. வருகிற வெள்ளிக்கிழமை, நண்பகல் பன்னிரண்டு மணி.

ஆறு மாதம் போய் ஒன்பது மாதம் ஆனபோது ஸ்டோல்ட்ஸ் அவனைக் கூப்பிட்டுத் தொண்டையைச் செருமினார். கம்பெனியைப் புதிதாக வாங்கியவர்கள் ஒரு விதி போட்டிருக்கிறார்களாம். நாலு வருடப் பட்டம் இல்லாதவர் பெயரில் சைட் கொடுக்கக் கூடாதாம்.

"அப்ப என் ரெண்டு வருஷம்?"

"அதுக்குத்தான் இந்த நாற்காலி குடுத்தாச்சே."

லைல் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டான். அவன் படித்த அறுபத்து நாலு கிரெடிட்டில் பத்தொன்பதை மட்டும் ஏற்றுக்கொள்வதாகப் பதில் வந்தது. சேரும்போது படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று, மேலே படிக்கப் போகிறவர்களுக்கு. மற்றது, உடனே வேலைக்குப் போகிறவர்களுக்கு. ஆலோசகர் புன்னகையோடு இரண்டாவதைக் காட்டினார், அவனும் டிக் அடித்தான். வேலைக்குப் போகத்தானே படிக்கிறோம் என்று எந்தத் தச்சனும் அதைத்தான் அடிப்பான். அந்த ஒரு டிக்கில் மாடிப்படி பாதியிலேயே முடிந்துபோனது அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது. இன்னும் மூன்று வருடம், அதுவும் பகல் வகுப்பு. பகலில் யார் சம்பாதிப்பது?

ஆகவே லைல் ட்ரெய்லரில் உட்கார்ந்திருந்தான். சைட் ஓரத்தில் ஆபீஸாக நிற்கிற நீளத் தகரப் பெட்டி அது. அதில் அவனுக்கு ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு ஜன்னல். கழிப்பறை லாரி எப்போது வரும் என்று போன் பண்ணுவான். முட்டுகளும் பலகைகளும் எத்தனை வேண்டும் என்று ஷீட்டில் போடுவான். ஜன்னலுக்கு வெளியே அவனுடைய பழைய கூட்டாளிகள் நாலு மாடிக் கட்டடத்தின் மூன்றாம் தளத்துக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தார்கள். சுத்தியல் சத்தத்தை வைத்தே யார் அடிக்கிறார்கள் என்று அவனால் சொல்ல முடியும். அதைச் சொல்வதற்குத்தான் அந்த ட்ரெய்லரில் ஆள் இல்லை.

திட்ட மேலாளர் கென்ட்ராவுக்கு இருபத்தாறு வயது, நாலு வருடப் பட்டம். அவளை வெறுத்தாலாவது கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அதற்கும் வழியில்லை. தெரியாததைத் தெரியாது என்று கேட்பாள், காப்பி போட்டால் அவனுக்கும் ஒரு கோப்பை வைப்பாள்.

மேலே ஏறிப் போனால் இன்னும் மோசம். சென்ட்ரிங் ஃபோர்மேன் மெர்ல் ஸலெஸ்கி, லைலோடு ஒரே நாளில் யூனியனில் சேர்ந்தவன், பதினான்கு வருடம் அவனோடு ஒரே பலகையின் மறுமுனையைத் தூக்கியவன், அவன் தலை தெரிந்ததும் குரல் கொடுப்பான்.

"டேய், வெள்ளைத் தொப்பி வருது. வாய மூடுங்கடா."

"சும்மா பாக்க வந்தேன், மெர்ல்."

"பாருங்க சார், பாருங்க. டிக்கெட் கிடையாது. போஸ்டர்ல சிரிக்கிற மாதிரி ஒரு தடவ சிரிங்க, பசங்க பாக்கட்டும்."

பசங்கள் சிரிப்பார்கள். அப்புறம் எல்லாரும் வேலையைப் பார்ப்பார்கள். அவன் வந்தபோது பாதியில் நின்ற பேச்சு அவன் இறங்கிய பிறகுதான் தொடரும். போஸ்டர் என்பதே அவன் பெயராகிவிட்டது. அது அவனுக்கு வலித்தது. முழங்காலைவிட அதிகமாகவே வலித்தது.

புதன்கிழமை மதியம் கல்லூரியிலிருந்து மார்லிஸ் என்கிற பெண் போன் செய்தாள். விளம்பரப் பலகையின் ஒப்பந்தம் இந்த வாரத்தோடு முடிகிறதாம்.

"உங்க படத்த இன்னொரு வருஷம் வச்சுக்கலாமா, மிஸ்டர் ஹ்ருஸ்கா? எல்லாருக்கும் உங்க சிரிப்பு ரொம்பப் பிடிச்சிருக்கு. அப்படியே ஒரே ஒரு வரி வேணும். இந்த ரெண்டு வருஷப் படிப்பு பிரயோஜனமா இருந்துச்சா, யாருக்கு எப்படின்னு."

"வெள்ளிக்கிழமை சொல்றேன்," என்றான் லைல். வெள்ளிக்கிழமை நண்பகலுக்கு மேல் தான் யாராக இருப்போம் என்று அப்போது அவனுக்கே தெரியாது. மனம் என்னவோ ஹாலுக்குப் போகச் சொல்லித்தான் இழுத்தது. கால் போனால் போகட்டும், பழைய ஆளாவது திரும்பக் கிடைப்பான்.

வியாழக்கிழமை விடிந்ததும் மூன்றாம் தளத்துக்குக் கான்கிரீட் போடுவதாக ஏற்பாடு.

கான்கிரீட் நாளில் அங்கே ஒரு வழக்கம் உண்டு. லாரியை உள்ளே விடுவதற்கு முன்னால் கம்பி, மின்சாரம், குழாய், சென்ட்ரிங் என்று ஒவ்வொரு பிரிவின் ஃபோர்மேனும் ஒரு மஞ்சள் அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். தன் வேலை சரியாக முடிந்தது, மேலே ஊற்றலாம் என்று அர்த்தம். கடைசிக் கையெழுத்து வெள்ளைத் தொப்பியுடையது. அந்த அட்டை மெர்லின் வண்டி முன்மூடிமேல் இருக்கும். பக்கத்திலேயே செக் நாட்டுக்காரர்களின் பேக்கரியில் வாங்கிய கொலாச் ஒரு பெட்டி, நடுவில் பழக்கூழ் வைத்த ரொட்டி, சூடு ஆறாமல். கையெழுத்துப் போட்டவன் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். வருடக்கணக்காக அப்படித்தான். ஒரு கையில் பேனா, மறு கையில் கொலாச். தளத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும் என்று அட்டையிலேயே எழுதியிருக்கிறது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

ஆறு மணிக்கு அட்டையில் மற்ற எல்லாக் கையெழுத்தும் ஏறியிருந்தது. பெட்டியில் ஒரே ஒரு கொலாச் மிச்சம், பாப்பி விதை வைத்தது. லைலுக்கு அதுதான் பிடிக்கும் என்று மெர்லுக்குத் தெரியும். திட்டினாலும் அதை மறக்கவில்லை. ஓட்ஸ் ஆலையின் வாசனை குளிர்காற்றில் ஊர் முழுக்க இருந்தது. வடக்கே மழை கறுத்துக்கொண்டு வந்தது. ஒன்பது லாரிகள் வழியில் இருந்தன. முதல் மூன்று வாசலில் நின்று வயிற்றைச் சுழற்றிக்கொண்டிருந்தன.

"லைல், நீங்க போட்டுட்டா உள்ள விட்டுடலாம்," என்றாள் கென்ட்ரா.

லைல் பேனாவை எடுத்தான். எடுத்தவன் தலையைத் தூக்கித் தளத்துக்கு அந்தப்புறம் பார்த்தான். அடுத்த வாரம் போட வேண்டிய பகுதியில் பலகைக்குக் கீழே முட்டுகள் வரிசையாக, முழுசாக நின்றன.

பேனாவை அட்டைமேல் திரும்ப வைத்துவிட்டான். ஏனென்றால் அத்தனை முட்டு சைட்டில் கிடையாது. மூன்று வாரத்துக்கு முன்னால் இருநூற்றுப் பன்னிரண்டு முட்டு வேண்டும் என்று அவன் ஷீட்டில் போட்டிருந்தான். கீழ்மாடி முட்டுகள் அதற்குள் விடுபட்டுவிடும், முப்பத்திரண்டைக் குறை என்று ஸ்டோல்ட்ஸ் சொன்னார். இந்தக் குளிரில் கான்கிரீட் அவ்வளவு சீக்கிரம் இறுகாது என்று லைலின் கைக்குத் தெரியும். ஆனால் ஷீட்டில் போட்டுப் பார்த்தால் கணக்குச் சரியாக வந்தது. வெள்ளைத் தொப்பி கணக்கை நம்பியது. நூற்றெண்பது என்று மாற்றி அனுப்பிவிட்டான். நூற்றெண்பதுதான் வந்தது. அப்படியானால் அங்கே நிற்கிற முட்டுகள் எங்கேயிருந்து வந்தன?

"ஒரு நிமிஷம்," என்று சொல்லிவிட்டுத் தன் வண்டிக்குப் போனான். இருக்கைக்கு அடியில் கிடந்த பழைய சுத்தியலை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் முழங்கால் முனக, வண்டிகள் நிற்கிற மேட்டிலிருந்து தரைத்தளத்துக்கு இறங்கினான்.

இரண்டாம் தளம் போட்டுப் பத்தே நாள் ஆகியிருந்தது. மேலே மூன்றாம் தளத்தின் ஈரப் பாரம் முழுவதும் அதன் தலையில்தான் இறங்கும். அந்தப் பாரத்தை வாங்கிக்கொள்ளத் தரைத்தளத்தில் மூன்று வரிசை முட்டு நிற்க வேண்டும். இரண்டு வரிசை நின்றது. நடு வரிசை இருந்த இடத்தில் தரையில் பதினோரு வட்டத் தடங்கள் மட்டும் இருந்தன. மிச்சம் நின்றவற்றை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டினான். பாரம் ஏறிய முட்டு கணீரென்று சொல்லும். அவற்றில் நாலு லொடலொடத்தன. லைல் சுத்தியலைத் தொங்கவிட்டபடி அந்த நடுவிடத்தில் ஒரு நிமிடம் நின்றான். தலைக்கு மேலே ஆட்கள் நடக்கிற சத்தம் கேட்டது.

மேலே வந்து மெர்லைத் தனியாக இழுத்தான்.

"நடு வரிசை எங்க, மெர்ல்?"

மெர்ல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "நீ எத்தன அனுப்பினியோ அத்தன இருக்கு சைட்ல. எண்ணிக்க."

"எடுத்தியா இல்லையா?"

"எடுத்தேன். வேற எங்கேருந்து எடுக்க, என் தொடையிலேருந்தா? அடுத்த பகுதிய வெள்ளிக்கிழமைக்குள்ள முடிக்கணும்னு உன் ஸ்டோல்ட்ஸ் உயிர எடுக்கறாரு. முட்டு பத்தலன்னு ரெண்டு தடவ ட்ரெய்லர் வாசல்ல வந்து நின்னேன். 'ஷீட்ல சரியா இருக்கு'ன்னு சொன்னது யாரு?"

சொன்னது லைல்தான். திரையிலிருந்து கண்ணைக்கூட எடுக்காமல் சொன்னான்.

"பத்து நாள் ஆயிடுச்சு, தாங்கிக்கும்," என்றான் மெர்ல், குரல் இறங்கி.

"இந்தக் குளிர்ல பத்து நாள் எத்தன நாளுக்குச் சமம்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். உனக்கும் தெரியும். உன் ஷீட்டுக்குத்தான் தெரியல."

அதற்குள் ஸ்டோல்ட்ஸ் வந்துவிட்டார். "என்ன இங்க குசுகுசுப்பு? லாரி நிக்குது, மழை வருது. கையெழுத்துப் போடு, லைல்."

"போட முடியாது. கீழ முட்டு பத்தல. லாரியத் திருப்பி அனுப்புங்க."

"ஒன்பது லாரிய? யார் வேலை இது? யார் எடுத்தது முட்ட?"

மெர்ல் வாயைத் திறந்தான். லைல் முந்திக்கொண்டான். "நான் முப்பத்திரண்டு குறைச்சு அனுப்பினேன். தப்பு என்னோடது. என் பேர எழுதிக்குங்க."

குறைக்கச் சொன்னது யார் என்று ஸ்டோல்ட்ஸுக்கு நினைவிருந்தது. அவர் முகம் சிவந்ததிலேயே தெரிந்தது. "சரி, உன் கை வலிக்குதுன்னா கென்ட்ரா போடுவா. அவ பேனாவும் அதே மாதிரிதான் எழுதும்."

கென்ட்ரா லைலைப் பார்த்தாள், தளத்தைப் பார்த்தாள். பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டாள். "லைல் போடாததுல நான் போட மாட்டேன், கார்டன்."

லாரிகள் திரும்பின. மழை வந்தது. ஆட்களை இரண்டு மணி நேரக் கூலியோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்கள் லைலைத் தாண்டிப் போகும்போது ஒருவனும் போஸ்டர் என்றுகூடச் சொல்லவில்லை. கொலாச் பெட்டியை மெர்ல் மூடி எடுத்துக்கொண்டு போனான்.

மத்தியானம் ஸ்டோல்ட்ஸ் அவனைக் கூப்பிட்டார். லைல் வெள்ளைத் தொப்பியைக் கையிலேயே எடுத்துக்கொண்டு போனான். வேலையை விட்டு அனுப்பப் போகிறார்கள் என்று நிச்சயம். நினைக்க வெட்கமாக இருந்தாலும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. இவர்களே கதவைத் திறந்துவிட்டால் நாளைக்கு ஹாலுக்குப் போவதற்கு யாருக்கும் சமாதானம் சொல்ல வேண்டாம்.

"எஞ்சினியர் வந்து பாத்தாரு," என்றார் ஸ்டோல்ட்ஸ். "ஊத்தியிருந்தா ரெண்டு தளமும் சேந்து எறங்கியிருக்குமாம்."

லைல் தொப்பியை மறு கைக்கு மாற்றினான்.

"முட்டு குறைஞ்சதுக்கு உன் பேர்ல ஒரு கடிதம் ஃபைல்ல போகும். நீயே கேட்டது. ஆனா ஒண்ணு சொல்றேன், உன்ன மாதிரி ஒருத்தன் ட்ரெய்லர்ல இல்லாம இனிமே நான் சைட் நடத்த மாட்டேன்."

"அப்ப சைட் ஒண்ணு என் பேர்ல..."

"அந்த விதி அப்படியேதான் இருக்கு. இப்ப கடிதம் வேற. மாத்தவும் நான் கேக்கப் போறதில்ல. உன்ன மேல அனுப்பிட்டா கீழ முட்டுத் தட்ட யாரு போவா? இந்த நாற்காலி உனக்குன்னே செஞ்சது, லைல். நான் ரிடயர் ஆகற வரைக்கும் நீ இதுல உக்காந்திருக்கணும்."

பாராட்டுதான். லைலுக்கு அது சட்டைக் காலரைப் பின்னாலிருந்து பிடித்தது போல இருந்தது. வெளியே வந்தபோது முடிவு செய்துவிட்டான். நாளை ஹால்.

வீட்டில் ஜனெலிடம் சொன்னான். விலகல் அட்டையை எங்கே வைத்திருக்கிறான் என்று அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. சமையலறை இழுப்பறையில், தீர்ந்துபோன பேட்டரிகளுக்கு அடியில்.

"போகணும்னா போ," என்றாள் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே. "ரெண்டு வருஷம் அட்ட அட்டயா எழுதினேன், அது போகட்டும். ஆனா சாயங்காலம் வந்து அந்தக் கால நீட்டிக்கிட்டு ஐஸ் வைன்னு மட்டும் என்கிட்ட கேக்காத." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகிறாளோ என்று அவனுக்குச் சந்தேகம். கேட்கத் தைரியம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை பதினொன்றே காலுக்கு யூனியன் ஹால் வாசலில் வண்டியை நிறுத்தினான். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, ஜன்னலுக்குப் பின்னால் குமாஸ்தா தெரிந்தார். இருபது அடி தூரம். அட்டை சட்டைப்பையில் இருந்தது. இறங்கப் போனபோது மறுபக்கக் கதவு திறந்தது. மெர்ல் ஏறி உட்கார்ந்தான். மழையில் நனைந்திருந்தான், வெகுநேரமாக நின்றிருப்பான் போல.

"இன்னிக்குத்தான்னு எனக்குத் தெரியும்," என்றான். "நீ அட்ட வாங்கின அன்னிக்கு வண்டி ஓட்டிட்டு வந்தவன் நான்." கோட்டுப் பையிலிருந்து காகிதத் துண்டில் சுற்றிய ஒன்றை எடுத்து நடுவில் வைத்தான். பாப்பி விதைக் கொலாச். "நேத்தயது. காஞ்சு போச்சு. உன் பங்கு."

"கையெழுத்துப் போடாதவனுக்குப் பங்கு ஏது?"

மெர்ல் சிரிக்கவில்லை. கண்ணாடிமேல் ஓடுகிற மழையைப் பார்த்தபடி பேசினான். "நேத்து நான் எங்க நின்னிருப்பேன் தெரியுமா? கான்கிரீட் குழாய் முனையப் பிடிச்சுக்கிட்டு, நடு வரிசைக்கு நேர் மேல. நான் எடுத்த முட்டுக்கு நேர் மேல. மொத்தம் எட்டுப் பேர். ராத்திரி முழுக்க எண்ணிப் பாத்தேன்."

"விடு மெர்ல். நான் திரும்பி வரேன். உன் கூடவே. இனிமே ஷீட்டும் இல்ல, மண்ணும் இல்ல."

"அதச் சொல்லத்தான் காலைலேருந்து நிக்கறேன்," என்றான் மெர்ல். "வராதடா."

லைல் திரும்பிப் பார்த்தான்.

"இத்தன வருஷமா கொலாச் வாங்கறேன். கையெழுத்துப் போடறவன் ஒருத்தனாவது கீழ எறங்கிப் போய்ப் பாத்திருக்கானா? திங்கறாங்க, போடறாங்க. நீ ஒருத்தன்தான் போன. நீ எங்களோட மேல நின்னிருந்தா நீயும்தான் போயிருக்க மாட்ட. நானும் நீயும் சேந்து அந்த முட்ட எடுத்திருப்போம், நேரமாச்சுன்னு. அந்தத் தகரப் பெட்டிக்குள்ள உக்காந்திருந்ததாலதான் உனக்குக் கணக்கு உதச்சுது."

"அங்க மூச்சு முட்டுதுடா எனக்கு," என்றான் லைல். "ஒருத்தன் பேச மாட்டேங்கறான். மேலயும் போக முடியாது, கீழயும் வர முடியாது. இன்னிக்குப் பன்னெண்டு மணியோட இதுவும் மூடிடும். தெரியுமா உனக்கு?"

"தெரியும். தெனமும் ஜன்னல்ல உன் மூஞ்சியப் பாக்கறோமே."

"பாத்துட்டும் போகாதங்கற."

"பாத்துட்டும்தான்." மெர்ல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். "கேக்கக் கூடாததக் கேக்கறேன்னு எனக்குத் தெரியும். பசங்க என்ன அனுப்பல. நானாத்தான் வந்தேன்."

"எட்டு மாசமா போஸ்டர் போஸ்டர்னு உயிர எடுத்தவனுங்க."

"அது நிக்காது. அது வேற விஷயம்."

லைலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு கண்ணும் நனைந்தது. கோபமாகவும் இருந்தது. எட்டுப் பேரின் உயிரைத் தன் மடியில் போட்டுவிட்டு இவன் இறங்கிப் போய்விடுவான். சுமப்பது யார்? கையைச் சட்டைப்பைக்குக் கொண்டுபோனான். அட்டையைத் தொட்டான். இருபது அடிதான். கதவைத் திறந்து நடந்தால் ஒரு நிமிடம். முழங்காலோடு நடந்தாலும் இரண்டு நிமிடம். அங்கே நடு வரிசை இருந்த இடத்தில் தரையில் கிடந்த பதினோரு வட்டங்கள் நினைவில் வந்தன. அடுத்த முறை ஷீட்டைப் பார்த்துச் சரி என்று சொல்லப் போகிறவன் யாராக இருப்பான் என்று யோசித்தான். அவனிடம் சுத்தியல் இருக்காது.

அட்டையைச் சட்டைப்பையிலேயே விட்டுவிட்டுக் கையை வெளியே எடுத்தான். கொஞ்ச நேரம் கழித்து லைல் கொலாச்சை எடுத்துக் கடித்தான். கல்லாக இருந்தது. மென்று விழுங்கினான். பன்னிரண்டு மணிக்குக் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே குமாஸ்தா கடிகாரத்தைப் பார்த்தார், எழுந்தார், ஜன்னல் தட்டியைக் கீழே இழுத்துப் பூட்டினார். பிறகு மதியச் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மெர்ல் அவன் தோளில் ஒருமுறை கையை வைத்து எடுத்துவிட்டு இறங்கிப் போனான். திங்கட்கிழமை முட்டு வரும் என்று மட்டும் சொன்னான்.

லைல் வண்டியைக் கிளப்பினான். சைட்டில் கென்ட்ரா காத்துக்கொண்டிருப்பாள். கழிப்பறை லாரிக்குப் போன் பண்ண வேண்டும். நெடுஞ்சாலையில் ஏறும்போது போன் அடித்தது. மார்லிஸ்.

"வெள்ளிக்கிழமைன்னு சொன்னீங்களே, மிஸ்டர் ஹ்ருஸ்கா. படம் இருக்கட்டுமா, எடுத்துடலாமா? எடுக்கறதுன்னா ஏணியோட ஆளு இப்பவே அங்கதான் நிக்கறாரு."

வளைவில் பலகை தெரிந்தது. அடியில் ஒரு லாரி, சாய்த்த ஏணி, மழைக்கோட்டில் ஒருவர் மேலே பார்த்துக் காத்துக்கொண்டிருந்தார். லைல் வண்டியை ஓரமாக நிறுத்தினான். மழையில் நனைந்தும் அவன் முகம் அங்கே சிரிப்பு மாறாமல் இருந்தது.

"படிப்பு பிரயோஜனமா இருந்துச்சா?" என்றாள் மார்லிஸ். "ஒரு வரி போதும்."

"இருந்துச்சு. எட்டுப் பேருக்கு."

"புரியலையே."

"ஒண்ணுமில்ல, விடுங்க. அந்த ஏணிக்காரர வீட்டுக்குப் போகச் சொல்லுங்க," என்றான் லைல். "மேல இருக்கறவனுக்கு எறங்க வழியில்ல. அங்கேயே இருக்கட்டும்."